பிளக்கைப் பிடுங்கியதும் அமிர்தத்தை அழைத்ததும்

குடிகாடு
ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது

மரியாதைக்குரிய மச்சான் கொளஞ்சியப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் சடையப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் கோழிகளும் நலம். அங்கு நீங்களும், கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் அமிர்தமும் நலந்தானே. முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்ற பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்துகள் ஒன்று குண்டாகவும் ஒன்று ஒல்லியாகவும், கூட்டமான டவுன் பஸ்ஸில் நிற்கிறவர்கள் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும் இருக்கும். வரிக்கு ஒரு தரம் விரலைச் சொடுக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் பேனா என் பேச்சைக் கேட்கிறது. இந்த வீட்டில் இப்போது என் பேச்சைக் கேட்பது அது ஒன்றுதான்.

அமிர்தம் உங்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது. நடந்தது இதுதான். எழுத்துக் கூட்ட வந்த நாளிலிருந்து கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாக வாசிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கடைப் பலகை, பஸ் பலகை, சுவரொட்டி எதையும் விடுவதில்லை. மருமகளின் தாயார் தில்லையம்மாள் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஊறுகாய் பாட்டில் என் எதிரில் இருந்தது. அதிலும் எழுத்து இருந்தது. "இந்த நாளுக்கு முன் பயன்படுத்தவும்" என்று தடையில்லாமல் வாசித்தேன், தேதியையும் வாசித்தேன், அது போன பொங்கலுக்கு முந்தைய தேதி. சம்பந்தியம்மா வாயில் வைத்த மாங்காயை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போனதும் அமிர்தம் பையை எடுத்தாள். "படிச்ச புருஷங்கூட இருக்க எனக்குத் தகுதி பத்தாது" என்றாள். தானாக வந்துவிடுவாள் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

நான் பச்சைத் தண்ணீரில் அவலை நனைத்துத் தின்பது தெரிந்து, சிதம்பரத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் பேத்தி அருள்மொழி என்னை அங்கே வரச் சொன்னாள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று நீங்களும் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, இப்போது பார்த்தாயிற்று. நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனதாம், அதற்கு செல் என்று பெயர். ரப்பர் போன்ற ஒரு மெல்லிய தாளின் மேல் அவற்றை வளர்த்து, அந்தத் தாளை ஒரு இயந்திரத்தில் மாட்டி, இழுப்பதும் விடுவதுமாக ஓட்டுகிறாள். செல்லின் ஓரங்களில் பச்சைப் புள்ளிகள் மின்னுவதைத் திரையில் காட்டினாள். அந்த இடங்களில்தான் செல் தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். "எதையும் தொடாதீங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனாள்.

நானும் தொடவில்லைதான். ஆனால் உச்சி வேளை. உழவு மாட்டைக்கூட அந்த நேரத்தில் நுகத்திலிருந்து அவிழ்த்து விடுகிறோம். வாயில்லாத அதுகளைப் போட்டு இந்த இழுப்பு இழுக்கிறதே என்று மனது கேட்கவில்லை. இழுக்கும் இயந்திரத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். அவள் வருவதற்குள் எனக்குக் கண் அசந்துவிட்டது.

"தாத்தா, என்னா பண்ணீங்க?" என்ற சத்தத்தில்தான் விழித்தேன். திரையில் பச்சைப் புள்ளிகள் பாதிக்குமேல் காணோம்.

"கொஞ்சம் இளைப்பாறட்டும்னுதாம்மா..."

"இளைப்பாறல தாத்தா, புடிய உட்டுடுச்சி! இழுக்கறதாலதான் அது புடிக்குது."

தலையில் அடித்துக்கொண்டாலும் சொல்லிக் கொடுத்தாள். செல்லுக்குள் டாலின் என்று ஒரு புரதம். உள்ளே இருக்கும் கயிற்றையும் வெளியே தாளைப் பற்றும் கொக்கியையும் சேர்ப்பது அதுதான். அது வேட்டி மாதிரி மடிந்திருக்குமாம். இழுத்தால் ஒரு மடிப்பு விரியும். மடிப்புக்குள் ஒளிந்திருந்த இடம் வெளியே தெரிந்ததும் வின்குலின் என்று இன்னொருவன் வந்து அங்கே பிடித்து, மேலும் கயிறு கட்டுவான், பிடி இறுகும். பச்சையாக மின்னியது அவன்தான். இழுப்பு நின்றால் மடிப்பு மூடிக்கொள்ளும், அவன் கிளம்பிவிடுவான். அவள் மறுபடி பிளக்கை மாட்டினாள். பார்த்துக்கொண்டே இருந்தேன் மச்சான், புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இந்த வயதில் இப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

"ஆயாவையும் இப்பிடித்தான் பிளக்கப் புடுங்கி வச்சிருக்கீங்க" என்றாள் அருள்மொழி. நான் கூப்பிடாமல் சும்மா இருந்ததைத்தான் சொன்னாள்.

அங்கிருந்து உங்கள் புவனகிரி பக்கந்தான், நேரில் வந்திருக்கலாம். ஆனால் ஒரேயடியாக இழுத்தால் பிய்த்துக்கொண்டுவிடும் என்றும் பேத்தி சொல்லியிருந்தாள். ஆகவே அளவாக, கடிதத்தால் இழுக்கிறேன். அமிர்தம் வீட்டுக்கு வர வேண்டும். இனி ஊறுகாய் பாட்டிலை மனதுக்குள்தான் வாசிப்பேன். அவள் வருகிறவரை வாரம் ஒரு கடிதம் வரும், அடுத்த வாரமும் கட்டாயம் எழுதுவேன். வீட்டுப் பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசி, கன்று போட்ட உங்கள் பசுவையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சடையப்பன்

பின்குறிப்பு: எழுதி முடிக்கப் புதன்கிழமை ஆகிவிட்டது. உறை ஒட்டும்போது வாசலில் அமிர்தம் நிற்கிறாள். கடலூரில் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு வந்தாளாம்.

"என்னா எழுதற?"

"ஒன்னத்தான் இழுக்கிறேன்."

"வந்து நிக்கிறவள எதுக்கு இழுக்கணும்?"

"அப்ப கிழிச்சிடட்டா?"

"கிழிச்ச, நடக்கறதே வேற! ஒம் புருஷன் கூப்புடவே இல்லியேன்னு அண்ணி தெனம் குத்திக் காட்டுறா. தபால்ல போடு. அண்ணன் படிக்கிறது அவ காதுல வுழணும்."

சோறாக்கி, குழம்பு வைத்து, பாத்திரத்தையும் கழுவிவிட்டு, கடிதம் வரும்போது அங்கே இருக்க வேண்டும் என்று சாயங்கால பஸ்ஸுக்கே திரும்புகிறாள். புடவைகளை இங்கேயே வைத்துவிட்டாள். பை லேசாக இருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். கடிதத்தை உங்கள் வீட்டம்மா பக்கத்தில் இருக்கும்போது உரக்க வாசியுங்கள். அமிர்தம் புதிதாகக் கேட்பவள் போலக் கொஞ்சம் பிகு செய்வாள், பிறகு கிளம்புவாள். இந்தப் பின்குறிப்பை மட்டும், நான் பழகிக்கொண்டிருக்கிறேனே, அதுபோல மனதுக்குள் வாசியுங்கள்.