மைனா சொன்ன நாற்பது பதில்கள்

ஒரு காட்டில், ஆற்றங்கரையில், அன்று கூடியிருந்தவர்கள்: நரி ஒன்று, மைனா ஒன்று, முயல்கள் பதினொன்று. ஆகப் பதின்மூன்று. ஓர் ஓணானும் எட்டிப் பார்த்தது. அழைக்காமல் வந்ததால் சேர்க்கவில்லை.

முயல்களின் வளைகள் கரையை ஒட்டி இருந்தன. வெள்ளம் வந்தால் மேட்டுக்கு ஓட வேண்டும். அதற்காக நரி ஓர் எந்திரம் செய்திருந்தது. அது மலைக்கு அப்பால் அணையில் இருக்கும் கொக்குக்குப் போன் போட்டு, "எவ்வளவு தண்ணீர்?" என்று கேட்கும். பதில் பத்து அடிக்கு மேல் என்றால் மணி அடிக்கும்.

அன்று சோதனை. எந்திரத்துக்குப் பின்னால் மைனா உட்கார்ந்திருந்தது.

"கொக்கு எங்கே, நரியண்ணே?" என்றது நொண்டி முயல். மணி முன்கூட்டியே அடித்தால்தான் அதனால் மேடு ஏற முடியும்.

"கொக்கு பதில் சொல்ல அரை மணி ஆக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல கேட்டா கோவிச்சுக்கும். அதான் அதுக்குப் பதிலா மைனா. நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொல்லும்."

மைனா, "பன்னிரண்டு அடி" என்றது. மணி அடித்தது. "எட்டு அடி" என்றது. மணி சும்மா இருந்தது. இப்படி நாற்பது சோதனை. நாற்பதும் வெற்றி.

"கொக்கு தூங்கிட்டா?"

"மைனா தூங்காது, தங்கச்சி."

"கொக்கு வேற மாதிரி பதில் சொன்னா?"

"மைனா அப்படிச் சொல்லாது!"

மற்ற பத்து முயல்களும் கைதட்டின.

ஐப்பசியில் மழை பிடித்தது. எந்திரம் கேட்டது. "நான்கு மீட்டர்" என்றது கொக்கு. அணையில் அடிக்கணக்கை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. மைனாவுக்கு யாரும் சொல்லவில்லை. எந்திரத்துக்கு எண் மட்டும்தான் தெரியும். நான்கு, பத்துக்குக் குறைவு. மணி அடிக்கவில்லை.

பதினோரு வளையிலும் தண்ணீர். முயல்கள் தலைதெறிக்க மேட்டுக்கு ஓடின. மேட்டில் இருந்தது நரியின் வளை ஒன்றுதான். நொண்டி முயல் கடைசியாக வந்து சேர்ந்தது.

"வா தங்கச்சி, என் பக்கத்துல இடம் வச்சிருக்கேன்" என்றது நரி.

மழை விட்டது. நரி ஏப்பம் விட்டுக்கொண்டே மைனாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மறுபடி சோதித்தது. நாற்பதும் வெற்றி.

"பார்த்தீங்களா? தப்பு வெள்ளத்து மேலதான்" என்றது.

இந்தத் தடவை யாரும் கேள்வி கேட்கவில்லை.

நீதி: பதிலையும் நாமே எழுதி வைத்துக்கொண்டால் எந்தச் சோதனையும் தோற்காது, சாப்பாடும் வீடு தேடி வரும்.

மீதம், முயல்கள் பத்து.