என்கொயரி அண்ணனுக்குப் பிடித்துப்போன கார்

மதுரையில் பழைய கார் வாங்கி ஏமாந்தவர்கள் எல்லோரும் என்கொயரி அண்ணனைக் கேட்காமல் வாங்கியவர்கள்தாம். இதை நான் எந்த மேடையிலும் சொல்லத் தயார். அவரைக் கேட்டவர்களில் ஒருவர்கூட ஏமாறவில்லை. ஏனென்றால், அவரைக் கேட்டவர்களில் ஒருவர்கூடக் கார் வாங்கவில்லை.

பசுமலைப் பக்கம் நான் நூலகராக இருக்கும் கல்லூரியில் அவர் அலுவலகக் கண்காணிப்பாளர். அவருடைய இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. யாரோ பழைய வண்டி வாங்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவைத்துவிட்டு மொபெட்டைக் கிளப்பிவிடுவார். இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பானட்டைத் திறந்து பார்த்ததும் கிடையாது.

“இன்ஜினப் பாத்து என்னத்த மேடம் தெரியப்போகுது? தொடச்சு வச்சா எல்லா இன்ஜினும் நல்ல இன்ஜின்தான். வச்சிருந்த ஆளப் பாக்கணும்.”

ஆளைப் பார்ப்பதற்கு அவர் கையாண்டது, பெண் கொடுப்பதற்குமுன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க நம் குடும்பங்கள் கையாளும் அதே முறை. தெருமுனை டீக்கடை, இஸ்திரி வண்டி, எதிர்வீடு. “ஒரு சம்பந்தம் விஷயமா வந்தேன்” என்று தொடங்கினால் வாய் திறக்காத தெரு மதுரையில் இல்லை என்பார். ஆள் முன்கோபியா, கதவை எப்படிச் சாத்துகிறான், செருப்பை எப்படிக் கழற்றிப் போடுகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இயற்பியல் பேராசிரியருக்காகப் பழங்காநத்தத்தில் ஒரு வெள்ளைக் காரை விசாரிக்கப் போனார். அதிகம் ஓடாத, கண்ணாடி போன்ற கார். இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டார்.

“வேண்டாம் சார்.”

“ஏண்ணே, வண்டில என்ன கோளாறு?”

“வண்டிய யாரு பாத்தா? வாசக் கேட்டுத் தாப்பாளக் கம்பி போட்டுக் கட்டிவச்சிருக்கான். கண்ணு முன்னாடி இருக்கிற தாப்பாளுக்கே இந்தக் கதின்னா, உள்ள இருக்கிற பிரேக்குக்கு என்ன கதி?”

பேராசிரியர் இன்றும் பேருந்தில்தான் வருகிறார்.

வணிகவியல் துறை அம்மையாருக்கு நேர்ந்தது இன்னும் விபரீதம். அவர் கேட்டது ஒரு நீலக் காரைப் பற்றி. அண்ணன் கொண்டுவந்த முடிவு இது: “வண்டி வேண்டாம் மேடம். அத ஓட்டுறது அந்த வீட்டுப் பெரியவரு, மனுசன் முன்கோபி, க்ளட்ச் தாங்காது. ஆனா அவுக பையன் தங்கமான பையன். உங்க அக்கா மகளுக்குப் பாக்கலாம்.” அம்மையார் கைப்பையைத் தூக்கிக்கொண்டு தம் துறைக்குப் போய்விட்டார். பிறகு அக்காவைக் கைபேசியில் அழைத்தார். அந்தத் தம்பதியருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நீலக் கார் அந்த வருடமே காயலான் கடைக்குப் போனது.

இப்படிப்பட்டவர் போன ஆனி மாதம் ஒரு புதன்கிழமை நூலகத்துக்கு வந்து, என் மேசைமேல் கைபேசியை வைத்தார். திரையில் ஒரு சிவப்புக் கார். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தரையை முகர்ந்துகொண்டிருப்பது போன்ற மூக்கு. பந்தயத்துக்கென்றே வெளிநாட்டில் பிறந்து, சென்னையில் ஒருவரிடமும் கோயம்புத்தூரில் ஒருவரிடமும் வாழ்ந்து, மூன்றாவதாக அவனியாபுரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

“எம்புட்டு ஓடிருக்கு?” என்றேன். அவரோடு பழகியதில் எனக்கும் அந்தக் கேள்வி தொற்றியிருந்தது.

“ஒரு லட்சத்து எழுபத்தி நாலாயிரம்.”

“யாருக்குண்ணே இந்தக் கிறுக்கு?”

“எனக்குத்தான் மேடம்.”

என் கையிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். விழுந்தது. மூன்றாவது தொகுதி, கெட்டி அட்டை, என் கால்மேல்.

வாழ்நாளெல்லாம் தமக்கென்று அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை. கேன்டீனில் வடை வைத்தால்கூடப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுபவர். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பட்டறையில நின்னுச்சு. பாத்ததும் புடிச்சுப்போச்சு. அதான் பயமா இருக்கு. ஆசப்பட்டவன் என்கொயரி போகக்கூடாது, கண்ணு மறைக்கும். நீங்க பொறுமையானவங்க. எனக்காகப் போய்ப் பாத்துட்டு வாங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுர்றேன். மறுபேச்சு கிடையாது.”

ஒரு மனிதரின் ஒரே ஆசை என் நாக்கில் வந்து உட்கார்ந்தது. அன்று மாலையே அவர் மனைவி அழைத்தார். “மேடம், உங்கள நம்பித்தான் இருக்கேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் சொன்னா இவுக கேக்கமாட்டாக.”

சனிக்கிழமை அவனியாபுரம் போனேன். ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாகத் தனியே ஒரு டீக்கடையில் நின்றேன். டீ ஆற்றியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மாப்ள விசாரிக்க வந்தீகளாக்கும்?”

“இல்லைங்க. அந்தச் சிவப்புக் கார்.”

“அதுவா? காலைல அதக் கிளப்புனா என் கடைக் கிளாஸ் அம்புட்டும் ஆடும். எவ தலையில கட்டப் போறாகளோ.”

கார்காரர் டைல்ஸ் கடை வைத்திருக்கும் இளைஞர். செருப்பு ஒன்று வாசலிலும் மற்றது தண்ணீர்த் தொட்டியருகிலும் கிடந்தன. கதவைச் சாத்தியபோது சன்னல் அதிர்ந்தது. டயர்கள் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. என் வேலை சுலபமாகிவிட்டது என்று திரும்பியபோதுதான் அந்தத் தம்பி கேட்டார், “உக்காந்து பாக்கலையாக்கா?”

திங்கட்கிழமை காலை என்கொயரி அண்ணன் என் மேசைக்கு எதிரில் கைகட்டி உட்கார்ந்தார். டீக்கடை, செருப்பு, கதவு, டயர் என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தேன்.

“சரியாப் பாத்திருக்கீக,” என்றார். “அப்ப வேண்டாம்.” குரலில் ஒரு நெளிவும் இல்லை. அந்தப் படம் இருந்த கைபேசியை மட்டும் மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

“இன்னொன்னு இருக்குண்ணே. நான் அதுல உக்காந்தேன்.”

“சரி.”

“பந்தியில உக்கார்ற மாதிரி தரையோட உக்காரணும். ரிங் ரோடு வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு.”

“சரி.”

“இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்க தம்பின்னு சொல்லிட்டேன்.”

அவர் முகத்தில் அன்று நான் கண்ட அதிர்ச்சியை அதற்குமுன் யார் முகத்திலும் கண்டதில்லை. “நீங்களா மேடம்?” என்றார்.

“நானேதான்.”

“புடிச்சுப்போச்சா?”

“புடிச்சுப்போச்சு.”

“அப்ப உங்க என்கொயரி செல்லாது,” என்று எழுந்துகொண்டார். தீர்ப்பு ரத்தானதில் அவருக்கு இருந்த மகிழ்ச்சியை மறைக்க அவர் எந்த முயற்சியும் செய்யவில்லை.

அந்தக் காரை வெறுக்கும் சாட்சி ஒருவர்தான் மிச்சம். அண்ணனின் மனைவியை அடுத்த ஞாயிறு அவனியாபுரத்துக்கு நான் அழைத்துப்போனேன். அவர் டீக்கடையில் நிற்கவில்லை, செருப்பைப் பார்க்கவில்லை. நேராக அந்தத் தம்பியிடம், “ஏன் விக்கிற?” என்று மட்டும் கேட்டார்.

“பிள்ள பொறந்திருக்குக்கா. இதுல மூணு பேரு உக்கார முடியாது.”

அவர் அந்த இரண்டு இருக்கைகளையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “எங்க வீட்ல என்னைக்கும் ரெண்டு பேருதான் தம்பி,” என்றார். ஆட்டோவில் திரும்பினோம். இறங்கும்போது, “வாங்கித் தொலைக்கட்டும்,” என்றார்.

வாங்கினார்கள். கல்லூரி அதிர்ந்தது. இயற்பியல் பேராசிரியர் விடுப்பில் போனார். அண்ணன் ஓட்டுநர் பயிற்சியில் சேர்ந்தார். மூன்றாம் நாளே வெளியேற்றப்பட்டார். எதிரில் வருகிற ஒவ்வொரு ஓட்டுநரின் முகத்தையும் பார்த்து, ஆள் எப்படி என்று முடிவுசெய்த பிறகே அவர் கிளட்சை விடுவாராம். கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று மனைவி போனார். முதல் தேர்விலேயே உரிமம் வாங்கிவிட்டார். இப்போது தினமும் காலையில் தலைநிறையப் பூவோடு அந்த அம்மாள் ஓட்டிவருகிறார். பக்கத்து இருக்கையில் இரண்டு சாப்பாட்டு டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் மணமகன்போல அமர்ந்திருக்கிறார். மாதத்தில் பத்து நாள் கார் பட்டறையில்தான் கிடக்கிறது.

சென்ற வாரம் அலுவலகம் தொடங்கிய நேரத்தில் அவர் மூச்சிரைக்க நூலகத்துக்குள் வந்தார். சட்டை முழுக்க வியர்வை.

“நம்ம காலேஜ் ஏத்தத்துல நின்னுபோச்சு மேடம். அவ ஸ்டியரிங்கப் பிடிச்சிருக்கா, நான் தள்ளுறேன், நகர மாட்டேங்குது. வாங்கியிருக்கவே கூடாத வண்டி,” என்றார். இப்படிச் சொல்லும்போது ஒருவரால் இவ்வளவு ஆனந்தமாக இருக்க முடியும் என்பது எனக்குத் தெரியாது.

அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் முந்தானையைச் செருகிக்கொண்டு, நூலகத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகி, அவரோடு இறங்கிப் போனேன். காரின் பின்பக்கம் இடது மூலை எனக்கு.