நாற்பத்தெட்டு அடிக் கயிறு

ஆடி இரண்டாம் தேதி காலை ஆறேகால் மணிக்கு, உலகத்துக்கு ஒரு பெரிய நன்மை செய்வது என்று கலியபெருமாள் முடிவெடுத்தார். உலகம் என்றால் வேறு யாரும் இல்லை. அவர்தான்.

காரணம், முந்தின நாள் சோறு போடும்போது மனைவி மகேஸ்வரி பேசிய பேச்சு.

"மாமா, கீழ்வீட்டு புஷ்பவள்ளி அக்கா பொண்ணு பூஜாவுக்கு போன வருஷம் சும்மா பிசிக்ஸ் சொல்லிக் குடுத்தேனே, நல்ல மார்க் வாங்கிட்டா. இப்ப அவளோட சேர்ந்து ஒம்போது புள்ளைங்க டியூஷன் வரேங்குதுங்க. காலையில ஆறுலேருந்து ஏழு."

"சாயங்காலமா வெச்சிக்கயேன்."

"சாயங்காலம் கரண்டு எங்க இருக்கு? தெனம் மூணு மணி நேரம் கட்டு. மெழுகுவத்திய கொளுத்தி மூஞ்சிய மூஞ்சி பாத்துகிட்டு உக்காந்திருக்கலாம்."

"அப்ப தண்ணி யாரு ஏத்தறது?"

மகேஸ்வரி அவரையே பார்த்தாள். சாம்பாரை அவர் தட்டில் ஊற்றிக்கொண்டே பார்த்தாள். சாம்பார் ஓடி தரைக்கு வந்த பிறகும் பார்த்தாள்.

சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு அவர்களுடையது. குழாய் கீழே. தண்ணீர் ஆறு மணிக்கு வரும், ஏழுக்குக் காற்று வரும். பன்னிரண்டு குடம், பத்தொன்பது படி. பதினாறு வருஷமாக ஏற்றுகிறவள் மகேஸ்வரி. பிளஸ் டூ இயற்பியலில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மார்க் வந்த மாதமே கல்யாணமும் வந்துவிட்டது. படித்ததெல்லாம் குடத்தோடு போயிற்று என்ற வருத்தம் அவளுக்கு உண்டு. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கலியபெருமாளும் இயற்பியல்காரர்தான். கடலூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். பதினெட்டு வருஷமாக மாணவர்களுக்கு ஊசலும் கப்பியும் எடைக்கல்லும் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி அலமாரியில் பூட்டுகிறவர். "சாவி எங்கிட்ட இருக்கு. நான் தொறக்கலன்னா நியூட்டனே வந்தாலும் வராண்டாவுலதான் நிக்கணும்" என்பார்.

அவருக்கு முதுகும் உண்டு. எல்லாருக்கும்தான் உண்டு. அவருடையது டாக்டர் சீட்டு உள்ள முதுகு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு குடம் தூக்கிச் சுளுக்கிக்கொண்டார். 'கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்க வேண்டாம்' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. சீட்டை நடராஜர் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்து, திருநீறு பூசும்போதெல்லாம் அதையும் ஒரு தரம் கும்பிட்டுக்கொள்வார்.

அந்த முதுகுக்குத்தான் இப்போது ஆபத்து. கவலையோடு அவர் பேப்பரை எடுத்தபோது, அதற்கு அடியில் ஒரு பழைய நோட்டு கிடந்தது. மகேஸ்வரியின் பிளஸ் ஒன் இயற்பியல் நோட்டு. எடுத்ததும் தானாகவே ஒரு பக்கத்தில் விரிந்தது. மேலே இரட்டைக் கப்பி ஒன்று, கீழே இரட்டைக் கப்பி ஒன்று, நடுவே கயிறு. பக்கத்தில் முத்து முத்தாக எழுத்து: 'நான்கு கயிறுகள் தாங்குவதால், பளுவில் நான்கில் ஒரு பங்கு விசையே போதும்.'

கலியபெருமாளுக்குப் பொறி தட்டியது. குடம் கால்வாசி கனமானால் மகேஸ்வரிக்கு மூச்சு வாங்காது. மூச்சு வாங்காதவள் முறையிட மாட்டாள். தண்ணீரையும் அவளே ஏற்றுவாள், டியூஷனும் அவளே எடுப்பாள். முதுகு பிழைத்தது!

"மகேசு! உன் கஷ்டத்துக்கு ஒரு வழி கண்டுபுடிச்சிட்டேன். கப்பி!"

"அய்யோ மாமா! எப்டி தோணிச்சி ஒங்களுக்கு?"

"பதினெட்டு வருஷ லேப் அனுபவம்னா சும்மாவா?"

"கயிறு வேணுமே?"

"ஆமால்ல. நெறைய வேணுமே."

"துணி காயப்போட நைலான் கயிறு ஒண்ணு வாங்கினேன். பரண்ல கெடக்கு. அறுவது அடி இருக்கும்."

பரணில் இருந்து கயிறு வந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார்.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், பழைய படகு சாமான் விற்கும் லூர்துசாமி கடையில் இரண்டு இரட்டைக் கப்பி வாங்கினார். "எந்தப் படகுக்கு சார்?" என்றார் லூர்துசாமி. "குடும்பம்" என்றார் கலியபெருமாள். பஸ்ஸில் சிதம்பரம் வரைக்கும் கைக்குழந்தைபோல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாடி உத்தரத்தில் கப்பி ஏறியது. சந்தே திரண்டு வந்தது. புஷ்பவள்ளி வந்தாள், டியூஷன் பிள்ளைகள் வந்தார்கள், எதிர்வீட்டு ராஜமாணிக்கம் பல் குச்சியோடு வந்தார். கலியபெருமாள் குழாயடியில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கயிற்றை இழுத்தார். நிறைகுடம் ஒரு சொட்டு சிந்தாமல் மேலே போனது. கைதட்டல்! அவர் வாழ்க்கையில் கேட்ட முதல் கைதட்டல். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மகேஸ்வரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரொம்ப லேசா இருக்கா மாமா?"

"பதினாறு கிலோ கொடம், நாலு கிலோ இழுப்பு!"

"கொழந்தகூட இழுக்கலாமா?"

"பொறந்த கொழந்த இழுக்கலாம்!"

"முதுகுவலி உள்ளவங்க?"

"முதுகே இல்லாதவன்கூட இழுக்கலாம்! ஒக்காந்த எடத்துல இழுக்கலாம். எழுதித் தரேன்!"

"அக்கா, கேட்டுகிட்டீங்களா?"

"நல்லா கேட்டுகிட்டேன்" என்றாள் புஷ்பவள்ளி. ராஜமாணிக்கம் பல் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நானும் கேட்டேன்" என்றார்.

யானைபோலத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது கலியபெருமாளுக்கு அப்போதுதான் உறைத்தது. கைதட்டின கூட்டம் சாட்சியாக நின்றது.

"இல்ல மகேசு... இது ஒனக்காகத்தான... நீயே இழுத்துட்டு அப்புறமா கிளாஸ்..."

"முடியாதே மாமா. பாரம் கால்வாசியானா கயிறு நாலு மடங்கு இழுக்கணும். பன்னெண்டு அடி ஏத்தறதுக்கு நாப்பத்தெட்டு அடி. ரொப்பி, மாட்டி, இழுக்க ஒரு கொடத்துக்கு அஞ்சி நிமிஷம். பன்னெண்டு கொடத்துக்கு ஒரு மணி நேரம். அந்த நேரம் எனக்கு கிளாஸ் ஆச்சே."

பதினெட்டு வருஷத்தில் கப்பியை எடுத்துக் கொடுத்திருக்கிறாரே தவிர, கயிறு எவ்வளவு ஓடுகிறது என்று அவர் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

விடுவாரா? ஏதாவது ஓட்டை இருக்கும் என்று அந்த நோட்டைத் தேடி எடுத்தார். கப்பிப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு காகிதம் வைத்திருந்தது. நேற்றுவரை நடராஜர் பக்கத்தில் இருந்த அவருடைய டாக்டர் சீட்டு! அதை எடுத்தால், கப்பிப் படத்துக்குக் கீழே ஓரத்தில் பென்சிலில் சின்னதாக, அன்றைக்கு அவர் கவனிக்காத ஒரு கணக்கு: '12 × 4 = 48 அடி. முடிச்சுக்கும் சேர்த்து 60 வாங்கணும். 15-4-2011.'

சித்திரையிலேயே கயிறு வாங்கியாகிவிட்டது. ஆடி வரைக்கும் காத்திருந்தது, அவருக்கு யோசனை தோன்றுவதற்காக.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கலியபெருமாள் குழாயடி நாற்காலியில் இருந்தார். மேலே பாடம் ஆரம்பமானது. பதினாறு வருஷமாக அந்த நேரத்தில் படியில் மகேஸ்வரி மூச்சு வாங்குவதைத்தான் அவர் படுத்தபடி கேட்டிருக்கிறார். இன்றைக்கு அவள் குரல் கணீரென்று கேட்டது. இடையிடையே குடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். 'நம்ம மகேசுவா இது!' என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஏழாவது குடம் வரைக்கும் இருந்தது.

"எந்திரம் வேலைய கொறைக்காது" என்றது குரல். "விசை கொறஞ்சா தூரம் ஜாஸ்தியாகும், அவ்ளோதான். புரியலியா? எல்லாரும் எழுந்து கீழ எட்டிப் பாருங்க."

ஒன்பது தலைகள் எட்டிப் பார்த்தன.

"டீச்சர், லேசுதான்னு சொன்னீங்க. சார் மூஞ்சி ஏன் அப்டி இருக்கு?" என்றாள் பூஜா.

"அது உராய்வு" என்றாள் மகேஸ்வரி. "அடுத்த பாடத்துல வருது."