ஆம்பளைகளுக்கு அனுமதி இல்லை

ஒஸ்மார் காலைக் காபியோடு ஒரு சபதம் எடுத்தார். சாப்பாட்டு மேஜையை ஓங்கி ஒரு குத்து குத்தி, "இந்த லீக்கை நான் சும்மா விடப்போறதில்ல!" என்று முழங்கினார். மேஜைக்கு ஒன்றும் ஆகவில்லை. கைதான் வீங்கிப்போனது.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் அராரா ஃபுட்பால் கிளப்பின் ரசிகர்கள் போன ஆட்டத்தில் கோட்டு நடுவர் மேல் கையில் கிடைத்ததையெல்லாம் வீசித் தொலைத்தார்கள். லீக்கின் பெரியமனுஷர்கள் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். சொந்த மைதானத்தில் மீதியிருக்கும் மூன்று ஆட்டத்துக்கும் ஆம்பளை வாடையே கூடாது, பெண்களும் சின்னப் பிள்ளைகளும் மட்டும் வரலாம் என்று போட்டார்களே ஒரு போடு!

"பிரேசில்ல பொறந்த ஆம்பளைய ஃபுட்பால் பாக்காதேன்னு சொல்ல இவங்க யாரு? ஒரு செருப்பு வீசினதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?"

"யாரு வீசின செருப்பு?" ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள் அவர் மனைவி ஜூசாரா.

"யாரோ ஒரு படுபாவி."

"அன்னைக்கு நீ ஒத்தச் செருப்போட நொண்டிக்கிட்டு வந்தியே?"

"அது... பஸ்ல கழண்டு விழுந்துருச்சு."

"ஓஹோ. பஸ்ல விழுந்த செருப்பு நேரா போய் நடுவர் மண்டையில ஏறிக்கிச்சாக்கும்."

ஒஸ்மார் பேச்சை மாற்றினார். அவர் கவலை அவருக்கு. அராரா பட்டியலின் அடிமட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த மூன்றிலும் ஜெயிக்காவிட்டால் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். மனுஷனோ பயங்கரமாக ராசி பார்க்கிற ஆசாமி. எப்போதோ ஜெயித்த அன்றைக்குப் போட்டிருந்த சட்டையை அதற்கப்புறம் துவைக்கவே விடவில்லை. ஜெயிக்கும்போது எதையும் மாற்றக்கூடாது என்பது அவர் வகுத்த சட்டம். ரசிகர் மன்றமே அதைத்தான் கடைப்பிடித்தது.

எங்கள் ஊரில் ராசி கெட்ட ஆளுக்குக் குளிர்ந்த கால் என்போம். ராசிக்காரருக்குச் சூடான கால். கல்யாணமான புதிதில் ஒஸ்மார் ஆசையாக ஜூசாராவை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அராரா நாலு கோல் வாங்கித் தோற்றது. "உனக்குக் குளிர்ந்த கால்!" என்று அன்றே முத்திரை குத்திவிட்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்கு அடுப்படிதான், பாவம்.

இப்போது அந்தக் காலில்தான் விழவேண்டியிருந்தது.

"ஜூசாரா, கண்ணு... என் சட்டையப் போட்டுக்கிட்டு என் இடத்துல போய் உக்காந்துட்டு வந்துடேன்."

"எனக்குத்தான் குளிர்ந்த காலாச்சே?"

"சட்டை இருக்குல்ல! அது எல்லாத்தையும் சமாளிச்சுக்கும்."

"சமாளிக்கும், சமாளிக்கும். அந்த நாத்தத்துக்கு கோல்கீப்பரே ஓடிப்போயிடுவான். சரி, நான் போயிட்டா பீன்ஸ் யாரு வேகவைப்பா? பாத்திரம் யாரு தேய்ப்பா? எங்கம்மாவ யாரு பாத்துப்பா?"

"நான் பாத்துக்கறேன்! ஒரு ஞாயித்துக்கிழமைதானே!"

"மூணு," என்றாள் ஜூசாரா.

ஞாயிறு வந்தது. மைதானம் ஊரின் அந்தக் கோடியில். பெண்கள் பஸ் பஸ்ஸாக ஏறிப் பாட்டும் கூத்துமாகப் போனார்கள். ஒஸ்மார் வீட்டு டிவியில், இன்டர்நெட் வழியாக வருகிற ஒளிபரப்பை வைத்துக்கொண்டார். ஒரு கண் ஆட்டத்தில், ஒரு கண் அடுப்பில். இரண்டு கண்ணும் ஆட்டத்துக்குப் போன நேரம் பார்த்து பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. கோலும் விழுந்தபாடில்லை. அப்போது மைதானத்திலிருந்து ஜூசாராவின் போன் வந்தது.

"என்னய்யா பண்ணிக்கிட்டிருக்க?"

"கருகின குக்கரைத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன். ஏன்?"

"நிறுத்திடாத! நல்லா அழுத்தித் தேய்!"

தேய்த்தார். நாலு தேய் தேய்ப்பதற்குள் டிவியில் அராரா கோல் போட்டது! ஒஸ்மாருக்குப் புல்லரித்துவிட்டது.

இரண்டாம் பாதியில் மறுபடியும் போன்.

"இப்ப என்ன பண்ற?"

"உங்கம்மா கால் நகத்துக்குப் பாலிஷ் போடறேன். போட்டாத்தான் ஆச்சுன்னு உயிரை வாங்கறாங்க."

"பாதியில விட்டுடாத! சுண்டுவிரல் வரைக்கும் போடு!"

சுண்டுவிரலுக்கு வருவதற்குள் இரண்டாவது கோல். மாமியாரின் பாதத்தைக் கையில் பிடித்தபடியே ஒஸ்மார் துள்ளிக் குதித்தார். மாமியார் ஸெனைடி நாற்காலியோடு மல்லாந்தாள்.

சாயங்காலம் தெருவே திரண்டு வந்து ஜூசாராவை இறக்கிவிட்டது. ரசிகர் மன்றத் தலைவர் வாண்டர்லெய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணி, இத்தனை நாள் எங்க இருந்தீங்க? உங்களுக்கு சூடான கால்!"

ஒஸ்மாருக்குப் பொறுக்கவில்லை. "கால் என்ன கால்! எல்லாம் என் சட்டை பண்ணின வேலை!"

"உன் சட்டையா? அதை நேத்தே துவைச்சுக் கொடியில போட்டுட்டேனே. கொல்லையில போய்ப் பாரு," என்றாள் ஜூசாரா.

வாண்டர்லெய் விரல்விட்டு எண்ணினார். "சட்டை போகல. அண்ணனும் போகல. டீம் ஜெயிச்சிருச்சு. அப்ப இத்தனை வருஷமா குளிர்ந்த கால் யாருது?"

கூட்டம் மொத்தமும் ஒஸ்மாரின் காலைக் குனிந்து பார்த்தது.

அடுத்த இரண்டு ஞாயிறும் அதே கதைதான். உள்ளே போக வழியில்லாத ஆம்பளைகள் அத்தனை பேரும் ஒஸ்மார் வீட்டு அடுப்படி ஜன்னலில் வந்து நின்றுகொண்டார்கள். "அண்ணே, மூடியில இன்னும் கரி இருக்கு." "அண்ணே, பாட்டிக்கு இடது கால் பாக்கி." போன் வந்தது, குக்கர் பளபளத்தது, கோல் விழுந்தது. அராரா தப்பித்துவிட்டது.

புத்தாண்டு பிறந்தபோதுதான் ஒஸ்மாருக்கு மண்டையில் உறைத்தது. தெருவில் வாணமெல்லாம் வெடித்து ஓய்ந்த பிறகும், அவர் வீட்டு டிவி பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது.

"ஜூசாரா! நம்ம டிவியில எல்லாமே லேட்டா வருது!"

"ஆமா."

"அப்ப கோல் விழுந்ததுக்கப்புறம்தான் நீ எனக்கு போனே பண்ணியிருக்க!"

"கண்டுபிடிக்க இவ்வளவு நாளா?" என்று சொல்லி அவர் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போய்விட்டாள்.

ஒஸ்மாருக்குக் கோபம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். தன் கால் குளிர்ந்த கால் இல்லை! புது சீசனின் முதல் ஆட்டத்தன்று சட்டையை மாட்டிக்கொண்டு மன்றத்து பஸ் வாசலில் போய் நின்றார். டிவி கதையை ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னார். வாண்டர்லெய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம் அண்ணே. ஆனா ஜெயிக்கிறப்போ எதையும் மாத்தக்கூடாதுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"அட, தடைதான் முடிஞ்சுபோச்சே! லீக்கே நம்மளை மன்னிச்சு விட்டுருச்சு!"

"லீக் கொடுத்தது மூணு ஆட்டம்தான் அண்ணே. மன்றம் உங்களுக்கு ஆயுசுக்கும் கொடுத்திருக்கு."

பஸ் கிளம்பியது. முன்சீட்டில் ஜூசாரா கொடியை ஆட்டிக்கொண்டு போனாள்.

ஒஸ்மார் வீம்போடு வீட்டுக்கு வந்தார். அடுப்படிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமியார் பாலிஷ் பாட்டிலை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிவியைப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"என்னய்யா பண்ற?"

"ஜம்முனு உக்காந்திருக்கேன். உன் வேலையெல்லாம் இனிமே என்கிட்ட நடக்காது!"

"உன் இஷ்டம்," என்று வைத்துவிட்டாள்.

டிவியில் கோல் விழுந்தது. எதிராளிக்கு.

டிவியில் எல்லாமே லேட்டாகத்தான் வருகிறது என்று ஒஸ்மாருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கோலுக்கும் தனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றும் தெரியும். குக்கர் தேய்க்கிற கம்பி நாரைத் தேடி அடுப்படிக்கு ஓடும்போது அதையெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டேதான் ஓடினார்.