மிஸஸ் ஹாக்கின்ஸ் உட்காரவில்லை

கேக் தட்டு மேசையை விட்டுப் போய்விட்டது. அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான் சபரிநாதன்.

நடந்தது இவ்வளவுதான். வெஸ்ட் வின்ட்சரில், ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த அந்த வீட்டின் மாடி அறைக்கு அன்று காலைதான் அவன் பெட்டியோடு வந்து சேர்ந்திருந்தான். அமெரிக்காவுக்கே வந்து நாலு நாள்தான். வீட்டுக்கார அம்மாள் மிஸஸ் ஹாக்கின்ஸ், "கேக் ஒரு துண்டு சாப்பிடுகிறாயா?" என்று கேட்டாள். கோபிச்செட்டிபாளையத்தில் ஒழுங்காக வளர்ந்த எந்தப் பிள்ளையும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான்.

"பரவாயில்லைங்க, வேண்டாம்."

அடுத்தபடியாக அவள் வற்புறுத்த வேண்டும். இவன் மறுபடி ஒரு தடவை மறுக்க வேண்டும். அதற்குப் பிறகு, 'இவ்வளவு தூரம் சொல்றீங்களேன்னு' என்று தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். உலகத்தில் மனிதர்கள் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள். மிஸஸ் ஹாக்கின்ஸோ, "சரி" என்று தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள்.

வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிடுவதா? வந்தவன் பசியோடு இருக்கிறானா, செத்தானா என்று பார்க்க வேண்டாமா? சபரிநாதனுக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது.

மறுநாள் கல்லூரி லேபில் நஞ்சுண்டனிடம் கொட்டித் தீர்த்தான். நஞ்சுண்டன் சத்தியமங்கலத்துக்காரன், கல்லூரியில் சீனியர். அந்த அறையைப் பிடித்துக் கொடுத்தவனே அவன்தான்.

"டேய், அவங்க அமெரிக்காக்காரங்க இல்லடா. இங்கிலீஷ்காரங்க. அங்க தங்குன பசங்க அத்தன பேரும் சொல்லிருக்காங்க. அவங்க ஊர்ல ஒருக்காத்தான் கேப்பாங்க. மறுக்கா கேட்டா அது அநாகரிகம்."

"பட்டினி போடறது நாகரிகமுங்களா?"

"கத்தாத. என்ற மாமன் வால்பாறை எஸ்டேட்ல வெள்ளைக்கார துரைக்கு டிரைவரா இருந்தவரு. துரைசாணி தும்முனாக்கூட எதுக்குத் தும்முறாங்கன்னு எனக்குத் தெரியும். நான் சொல்றத ஃபாலோ பண்ணு. ஒரு மாசம் டிரையல்தான குடுத்திருக்காங்க? அவங்களுக்குப் புடிக்கலையின்னா ரூம் போச்சு. பொறவு நீ எங்க அப்பார்ட்மென்டுக்குத்தான் வரோணும்."

அந்த அப்பார்ட்மென்டைச் சபரிநாதன் பார்த்திருந்தான். முதல் மூன்று இரவும் அங்கேதான் படுத்தான். கூடத்துக் கார்ப்பெட்டில் ஏழு பேர், நடுவில் ஒரு டிவி, அது அணைந்து அவன் பார்த்ததில்லை. அங்கே உட்கார்ந்து படித்து ஒருவன் பாஸ் பண்ண முடியாது. காரும் இல்லாதவனுக்கு வேறு அறையும் கிடைக்காது. மிஸஸ் ஹாக்கின்ஸ் வீட்டு மாடி அறை போனால் படிப்பும் போனதுதான்.

"சரிங்ணா. என்ன பண்ணோணும், சொல்லுங்க."

"சாயங்காலம் நாலு மணின்னா டீ. அந்த நேரத்துக்கு நீ கிச்சன்ல இருக்கோணும், இல்லையின்னா அவங்கள மதிக்கலைன்னு அர்த்தம். வெதர் பத்தி மட்டும் பேசு. வேற வாயத் தொறக்காத."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரியாக நாலு மணிக்குச் சபரிநாதன் தலையை வாரிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தான். மிஸஸ் ஹாக்கின்ஸ் எதிர் நாற்காலியில் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் துள்ளி எழுந்தாள். கையில் இருந்த கோப்பையை என்னவோ முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அறையில் நல்ல காபி வாசனை. பக்கத்து வீட்டில் யாரோ புண்ணியவான் காபி போடுகிறான் என்று நினைத்துக்கொண்டான். ஊரை விட்டு வந்ததிலிருந்து ஒரு வாய் காபிக்கு அவன் உயிரை விடத் தயாராக இருந்தான். ஆனால் இங்கிலீஷ்கார வீட்டில் காபி கேட்பதாவது!

"டீ நேரம் அல்லவா?" என்றான்.

மிஸஸ் ஹாக்கின்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆமாம். ஆமாம், டீ நேரம்" என்று அவசரமாக டீ பேக்குகளைத் தேடி எடுத்தாள். வெந்நீர் ஊற்றி மேசையில் வைத்தாள்.

"உட்கார்" என்றாள், நின்றுகொண்டே.

பெரியவர்கள் நிற்கும்போது சின்னவன் உட்காருவதாவது? "நீங்கள் முதலில்" என்றான்.

"இல்லை, நீ."

"இல்லைங்க, நீங்கதான்."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "ஓ. ஆமாம். அதுதானே முறை" என்றாள். ஆனால் உட்காரவில்லை.

இரண்டு பேரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். அவள் குடிக்கட்டும் என்று அவன் காத்திருந்தான். அவளும் எதற்கோ காத்திருந்தாள்.

"மழை வரும் போலிருக்கிறது" என்றான் சபரிநாதன்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"கண்டிப்பாக வரும்" என்றாள் மிஸஸ் ஹாக்கின்ஸ்.

டீ ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. அன்றிலிருந்து அவன் சமையலறைக்குள் கால் வைத்தால் போதும், அவள் எழுந்துவிடுவாள். அவள் எழுந்தால் இவன் உட்கார மாட்டான். வீட்டில் ஆள் இரண்டு, நாற்காலி நாலு, உட்காரத்தான் ஒருவரும் இல்லை. இந்தக் கூத்துக்குப் பெயர் நாகரிகமாம்!

"கால் கடுக்குதுங்ணா" என்றான் நஞ்சுண்டனிடம். "உக்காருன்னு சொல்றாங்க. ஆனா அவங்க உக்காரமாட்டேங்கறாங்க. மனசுல என்ன இருக்குதுன்னே தெரியல. என்னத்தச் சொன்னாலும் லவ்லிங்கறாங்க. ஒரு மனுசனுக்கு எல்லாமே எப்படிங்ணா லவ்லியா இருக்கும்?"

"உன்மேல இன்னும் நம்பிக்கை வரலடா. பேச்சுக் குடு. டீயப் பத்திக் கேளு. பால் மொதல்லயா, டீ மொதல்லயா? அதுல அவங்களுக்கு ஊருக்கு ஒரு வழக்கம், கத்திக்குத்து நடக்காத குறை. நீ கேட்டீன்னா சந்தோசப்படுவாங்க."

கேட்டான்.

"பாலை முதலில் ஊற்றுவதா, டீயை முதலில் ஊற்றுவதா? இங்கிலாந்தில் உங்கள் பக்கம் எப்படிங்க?"

மிஸஸ் ஹாக்கின்ஸ் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"எங்கள் பக்கமா?"

"நீங்கள் லண்டன் பக்கமா? அதற்கும் மேலேயா?"

"மேலே" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரொம்ப மேலே" என்றாள்.

"அப்படியானால் பால்?"

அவள் முகம் பீட்ரூட் போலச் சிவந்தது. "எனக்குத் தலைவலி" என்று மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நஞ்சுண்டன் தலையில் கை வைத்தான். "ஊரக் கேட்டியா? பாலக் கேளுன்னா நீ எதுக்குடா ஊரக் கேட்ட? வெள்ளக்காரங்ககிட்ட ஊரு, வயசு, சம்பளம் கேக்கவே கூடாது!"

"ஊரக் கேட்டா என்னங்ணா தப்பு? நம்ம பக்கம் பஸ்ல பக்கத்துல உக்காந்தவன் ஊரு, சாதி, கொழந்த எத்தனைங்கற வரைக்கும் கேப்பான். யாருக்காச்சும் தலவலி வந்துதா?"

"நம்ம பக்கம் வேற. இப்ப இத சரி பண்ணோணும். நல்ல தேயிலை வாங்கிக் குடு. டப்பாவுல வர்ற தூளு. டீ பேக்குன்னா அவங்களுக்குக் கேவலம். பாவம், இங்க கெடைக்காம அதப் போட்டுக் குடிச்சிட்டு இருக்காங்க."

சபரிநாதன் ரயிலேறி நியூயார்க் போய், கடை கடையாக ஏறி இறங்கி, சிவப்பு டப்பாவில் அசல் இங்கிலாந்துத் தேயிலை வாங்கி வந்தான். மிஸஸ் ஹாக்கின்ஸ் டப்பாவைத் திறந்தாள். மோந்து பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"லவ்லி" என்றாள். குரலில் உயிரே இல்லை.

பிறகு ஒரு பாத்திரத்தை அடுப்பில் வைத்து, பாலையும் தண்ணீரையும் ஒன்றாக ஊற்றி, அதிலேயே தேயிலையையும் அள்ளிப் போட்டுக் கொதிக்க விட்டாள்.

சபரிநாதனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. கோபி பஸ் ஸ்டாண்டு டீ! தனக்காக, தன் ஊர் முறையில், ஒரு இங்கிலீஷ்கார அம்மாள் டீ காய்ச்சுகிறாள். மரியாதைக்கு மரியாதை காட்டாமல் விடலாமா?

"எனக்காக நீங்கள் முறையை மாற்றிக்கொள்ள வேண்டாம்" என்றான் பணிவாக. "உங்கள் முறையிலேயே போடுங்கள். நான் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்."

"என் முறையிலா?"

"ஆமாங்க. அசலாக."

அவள் கொதித்ததை அப்படியே தொட்டியில் கொட்டினாள். மறுபடி வெந்நீர் வைத்தாள். தேயிலையைப் போட்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அதையும் கொட்டினாள். மூன்றாவது தடவை, அவன் குனிந்து உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கரண்டியை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அன்றும் தலைவலி.

அதோடு முடிந்ததா? டப்பா தீருகிற வரைக்கும் நாலு மணிக்கு நாலு மணி டீ நடந்தது. அவள் போடுவாள். இரண்டு பேரும் நிற்பார்கள். ஆறிப் போகும். அவள் மாடிக்குப் போனதும், வீணாக்கினது தெரிய வேண்டாம் என்று அவன் எல்லாவற்றையும் தொட்டியில் சாய்த்துவிடுவான்.

மாதக் கடைசியில் தொட்டி அடைத்துக்கொண்டது.

அன்றைக்குத்தான் அவள் முடிவு சொல்ல வேண்டும். இந்த நேரத்தில் தொட்டி அடைத்தது தெரிந்தால் கதை முடிந்தது. சபரிநாதன் துணி மாட்டுகிற கம்பியை நிமிர்த்தி உள்ளே விட்டான். போன கம்பி திரும்ப வரவில்லை. தொட்டிக்கடியில் தலையை நுழைத்துக் குழாயின் மரையைத் திருகினான். அது கையோடு வந்துவிட்டது.

மாதம் முழுக்கச் சேர்ந்திருந்த டீ அவன் மேலும் தரை மேலும் கொட்டியது. சத்தம் கேட்டு ஓடி வந்த மிஸஸ் ஹாக்கின்ஸ் வாசலிலேயே சறுக்கி உட்கார்ந்தாள். அவன் பார்க்க அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்த வேகத்தில் ஒரு வார்த்தை சொன்னாள். நஞ்சுண்டன் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷில் அந்த வார்த்தை இல்லை. ரயிலைத் தவறவிட்டவர்கள் பிளாட்பாரத்தில் சொல்லித்தான் அவன் கேட்டிருந்தான்.

உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓ, டியர்" என்றாள். எழுந்து மாடிக்கு ஓடிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய அண்ணன் ரே கருவிப் பெட்டியோடு வந்தான். குழாய் வேலை செய்கிறவன், வயிறு பெருத்த மனிதன். தரையில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, குழாயிலிருந்து கை கையாகத் தேயிலையை வழித்து எடுத்தான்.

"என்னப்பா இது, டீத்தோட்டமே இருக்கு?"

அவ்வளவுதான். ஒரு மாதமாகச் சபரிநாதன் அடக்கி வைத்திருந்தது உடைத்துக்கொண்டது.

"கேளுங்க சார்! வந்த நாள்லருந்து இந்த வீட்ல நான் உக்காரலை. வராத மழையப் பத்திப் பேசினேன். புடிக்காத டீக்கு நின்ன கால்ல காவல் நின்னேன். உங்க தங்கச்சிக்கு ஏத்த மாதிரி நடக்க என்னவெல்லாம் பண்ணினேன் தெரியுமா? என்ன கேட்டாலும் லவ்லி, இல்லைன்னா தலவலி! புடிச்சா புடிச்சுது, புடிக்கலைன்னா புடிக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு இங்கிலாந்துக்காரங்களுக்கு என்னதான் கேடு?"

ரே கையைத் துடைத்துக்கொண்டான்.

"நேரா சொல்லச் சொல்லித்தான் என்னைய அனுப்பியிருக்கா. வேற ரூம் பாத்துக்க தம்பி."

சபரிநாதன் கண்ணில் ஏழு பேர் படுத்த கார்ப்பெட் வந்து போனது.

"போறேங்க. ஆனா எதுல தப்புப் பண்ணேன்? அதை மட்டும் சொல்லுங்க. எந்த முறைய மீறினேன்?"

ரே மாடிப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"நீ ஒண்ணையும் மீறல, அதான் தொல்லை. நாங்க பொறந்தது இதோ பக்கத்துல ட்ரென்டன், அவ பிளேன்ல ஏறினதே கிடையாது. மொதல்ல குடியிருந்த பையன் 'நீங்க இங்கிலாந்தா'ன்னு வாயப் பொளந்தான்னு விளையாட்டுக்கு ஆமான்னு சொல்லிட்டா. அவனுக்கப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் தாராளமாப் போதுமானதா இருந்த இங்கிலாந்து, உனக்கு மட்டும் பத்தவே மாட்டேங்குதேப்பா!"