தென்னூரின் உன்னத வரவேற்பறை

மனித நாகரிகம் குகையில் தொடங்கி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டு, திருச்சி தென்னூரில், என் வீட்டு வரவேற்பறையில் வந்து முழுமை பெற்றது. இதை மிகுந்த அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பச்சை ரெக்ஸின் சோபா. அதன்மேல் வெள்ளை உறை. அந்த உறை அழுக்காகாமலிருக்க இன்னோர் உறை. ரேடியோவுக்குப் பூப்போட்ட சட்டை. தண்ணீர் கேட்டு உயிரை வாங்காத பிளாஸ்டிக் ரோஜா. வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. ஆனாலும் கண்ணாடியில் ஒரு சாம்பல் கிண்ணம். திரைச்சீலை வெளுத்துவிடுமே என்று ஜன்னல்களை நிரந்தரமாகச் சாத்திவிட்டேன். குடும்பத்தார் கொல்லை வழியாகப் போய்வர 'வசதி' செய்து கொடுத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் இல்ல அலங்கார அபிவிருத்திச் சங்கம் ஒரு போட்டி அறிவித்தது. 'வாங்க, உட்காருங்க என்று அன்போடு அழைக்கும் வரவேற்பறை'க்கு முதல் பரிசு வெள்ளிக் கோப்பை. கோப்பை கிடைத்துவிட்டதாகவே ஆபீசில் சொல்லிவைத்திருந்தேன். கிடைக்காவிட்டால் அங்கே தலைகாட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத் தலைவர், ரிடையர்டு தாசில்தார் சின்னையா, இரண்டு நடுவர்களோடு வந்து சேர்ந்தார். மூவரும் மூலை மூலையாக நின்று தலையை ஆட்டினார்கள்.

"எல்லாம் பேஷ். ஆனா அறை அழைக்குதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்றார் தலைவர். "யாராவது உட்கார்ந்து பார்க்கணும்."

"நீங்களே உட்காருங்க சார்."

"நடுவர் உட்கார்ந்தா பாரபட்சம் வந்துடும். வீட்டம்மாவைக் கூப்பிடுங்க."

என் மனைவி பொன்னுத்தாய் முசிறிக்காரி. விடியுமுன் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போவதிலிருந்து ராத்திரி பாத்திரம் கழுவும்வரை நின்றுகொண்டே இருப்பவள். சோபா வந்து எட்டு மாதமாகியும் அதைத் துடைத்திருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை. அவ்வளவு மரியாதை தெரிந்தவள். கரி படிந்த புடவையோடு வந்தாள். சொன்னதும் உட்கார்ந்தாள். மெல்லச் சாய்ந்தாள். கண்ணை மூடினாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் தலைவர்.

"உக்காந்த பிறகுதாங்க தெரியுது, முதுகு எவ்வளவு வலிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு."

நடுவர்கள் இதைக் குறித்துக்கொண்டார்கள். நான் பெருமிதத்தோடு, "சரி, எந்திரிச்சுப் போய்க் காபி கொண்டா" என்றேன்.

"நீங்க போட்டுட்டு வாங்க. எனக்கும் ஒரு டம்ளர்."

வந்தவர்கள் முன்னால் என் மானம் கப்பலேறிவிடக் கூடாதே என்று அடுப்படிக்கு ஓடினேன். புகை கண்ணைக் கரித்தது. அங்கே ஜன்னலும் இல்லை, உட்கார ஒரு மணைப்பலகையும் இல்லை. சர்க்கரை எந்த டப்பாவில் என்பதும் தெரியவில்லை. எவ்வளவு அலங்கோலமாக வைத்திருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வெறுங்கையோடு திரும்பினேன்.

தலைவர் என்னைத் தனியே அழைத்து, "அறை அப்பழுக்கில்லாதது. ஒரே ஒரு குறை" என்று கண்ணால் சோபாவைக் காட்டினார். "அந்த அம்மா அலங்காரத்தோட ஒட்டலை. குறையை நீக்கிட்டீங்கன்னா..."

நீக்க வேண்டியதிடமே சொன்னேன். "பொன்னுத்தாயி, எந்திரி."

"இன்னும் செத்த நேரம் இருந்துக்கறேனே. இடுப்பு விட்டுப்போச்சுங்க."

"எந்திரின்னா எந்திரி."

எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்த இடத்தில் விழுந்த பள்ளத்தைத் தட்டித் தட்டிச் சமமாக்கி, மேலுறையைக் கரி போக உதறி, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, காபி போடப் போனாள்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, சோபாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பரிசோதித்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"ஆள் உட்கார்ந்த தடமே இல்லை" என்றார். "முதல் பரிசு உங்களுக்குத்தான்."