கடலுக்குக் கிளம்பிய கம்பெனி வேன்

ஒரகடம் கூட்டுரோட்டில் மாடு குறுக்கே வந்ததால் நம்பிராஜன் வேனை நிறுத்தினான். மாடு நகர்வதற்குள் நீலச் சட்டைக்காரர்கள் மூன்று பேர் பின்கதவைத் திறந்து ஏறிவிட்டார்கள். ஒருவன் உள்ளே போட்டிருந்த கட்டிலில் படுத்தே விட்டான்.

"ஏங்க, யாரோ ஏறுதாங்க!" என்றாள் அவன் பெண்டாட்டி இசக்கிசெல்வி, காபிப் பாத்திரத்தை அணைத்துப் பிடித்தபடி.

நம்பிராஜன் கண்ணாடியில் அந்த நீலச் சட்டையைப் பார்த்தான். அது அவனுடைய கம்பெனிச் சட்டை. கார் சீட்டு தைக்கும் அந்தக் கம்பெனி, 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று அவனை அனுப்பி மூன்று மாதமாகிறது. பெண்டாட்டியிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் அதே சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் கட்டிக் கொடுத்த சோற்றோடு சேரப்பணஞ்சேரியில் பாண்டுரங்கனின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்வந்தான். கம்பெனி கழித்துப் போட்ட இந்த வேனைப் பாண்டுரங்கன் வாங்கியிருந்தான். டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து இருவருமாக அதை வீடாக்கினார்கள். முதல் ஓட்டம் நீயே போய்வா என்று பாண்டுரங்கன் சாவியைக் கொடுத்துவிட்டான்.

மாமல்லபுரத்திலிருந்து வேளாங்கண்ணி வரை கடலோரமாகவே போக வேண்டும், மணலில் சமைத்துச் சாப்பிட வேண்டும். கல்யாணமானதிலிருந்து அவள் கேட்டது இது ஒன்றுதான். ஓவர்டைம், ஓ.டி. என்று தள்ளிப்போட்ட பாவி இவன். முதலில் கடலைக் காட்டிவிடுவது, வேலை போனதை அப்புறம் சொல்வது என்று முடிவு செய்திருந்தான். அதற்குள் யார் வாயிலிருந்தும் அது அவள் காதில் விழக்கூடாது.

அவளும் கொஞ்ச நாளாக ஓ.டி. பேச்சையே எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை ஏதோ விரதமாம்.

நம்பிராஜன் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பினான். "தம்பிகளா, இது கம்பெனி வண்டி இல்ல. எறங்குங்க."

"ஸ்பேர் வண்டியாண்ணே? பரவால்ல, போங்க," என்றான் படுத்திருந்தவன், கண்ணைத் திறக்காமலே.

முதல் ஷிப்டுக்காரர்கள் தூக்கத்திலேயே ஏறித் தூக்கத்திலேயே இறங்குவார்கள். கம்பெனி வண்டிக்கு அடையாளமான நீலப் பட்டையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. நம்பிராஜனும் ஆறு வருஷம் அப்படித்தான் போய்வந்தான். அந்தப் பட்டையை அழிக்கச் சொன்னதற்குப் பாண்டுரங்கன் பெயிண்டை மிச்சம் பிடித்துவிட்டான்.

நம்பிராஜன் இறங்கி, குட்டைச் சேற்றை அள்ளிப் பட்டையில் பூசினான்.

"டிரைவர் வண்டி கழுவுறாருடா, எடம் புடி!" என்று இன்னும் நாலு பேர் ஏறினார்கள்.

இனி எங்கேயும் நிற்பதில்லை என்று வண்டியை விரட்டினான். அடுத்த ஸ்டாப்பில் மெர்சி என்ற பெண் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாய்யா, நிக்காம பூட்ற? லேட்டாச்சுன்னா சம்பளத்த நீயா குடுப்ப?" என்று திட்டிக்கொண்டே தன் கூட்டத்தோடு ஏறியவள், காபியைப் பார்த்ததும் குளிர்ந்துவிட்டாள். "ஐய, கேன்டீனு வண்டிக்கே வந்துகீதுடி!"

காபி காலியாயிற்று.

"இது கடலுக்குப் போற வண்டிம்மா!" என்று நம்பிராஜன் கத்தினான்.

வண்டியே சிரித்தது. "நாங்களும் தெனம் அப்டி நெனச்சுக்கினுதான் ஏறுறோம். ஓட்டுய்யா, நேரத்துக்குக் கார்டு பஞ்ச் அடிக்கணும்," என்றாள் மெர்சி.

இசக்கிசெல்வி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு அவன் காதருகே வந்தாள். "அந்தக் கம்பெனிப் பக்கம் போகாண்டாங்க. படப்பை வழியா திரும்பிருவோமே."

"அங்க ரோட்ட வெட்டிப் போட்டிருக்காம்ட்டி."

கூட்டத்தைக் கண்டு கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

கேட்டுக்கு முன்னாலேயே எல்லோரையும் இறக்கிவிட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தான். பின்னால் நிஜமான கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்று ஹாரன் அடித்தன. செக்யூரிட்டி மண்ணாங்கட்டி விசில் ஊதிக் கேட்டை விரியத் திறந்தார். வேறு வழியில்லாமல் வேன் உள்ளே போயிற்று. விரட்டிய வாசல் இன்று வா வா என்கிறதே என்று நம்பிராஜனுக்கு அழுகையே வந்தது.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். இசக்கிசெல்வி மட்டும் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நம்பிராஜன் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டான். குரலைக் கேட்டால் மண்ணாங்கட்டி கண்டுபிடித்துவிடுவார் என்று வாயே திறக்கவில்லை.

"யாரும்மா அது, இன்னும் எறங்காம?" என்று மண்ணாங்கட்டி டார்ச்சை உள்ளே அடித்தார்.

அவள் மெல்லத் திரும்பினாள்.

"அட, நீயாக்கா? உன்ன திங்கக்கெழமதானே வேலைக்கு வரச் சொன்னாங்க? சரி, வந்தது வந்துட்ட, மிஷினப் பாத்துட்டுப் போ. மூணு மாசம் முன்னால நம்பிராஜன்னு ஒர்த்தர தொரத்துனாங்களே, அவரு எடந்தான் உன்க்கு."